படுக்கையறைக் காற்றில் ரேடான்: வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அளந்து பார்க்கும் முறை

மார்கழி பிறந்துவிட்டால் அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கத்து மலையடிவார ஊர்களில் இரவு எட்டு மணிக்கே சன்னல்களைச் சாத்திவிடுகிறோம். பனி ஒரு காரணம், கொசு இன்னொரு காரணம். சித்திரையிலும் வைகாசியிலும் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்த அதே குடும்பம், இப்போது பத்துக்குப் பத்து அறை ஒன்றில் கதவிடுக்கில் பழந்துணியைச் செருகிவிட்டு, விடியும் வரை ஒரே காற்றையே திரும்பத் திரும்பச் சுவாசிக்கிறது. தரைக்கு அடியிலிருந்து கசிந்து வரும், நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ரேடான் என்னும் கதிரியக்க வாயு வீட்டுக்குள் தேங்குவதற்கு இதைவிட ஏற்ற நேரம் கிடையாது. அந்த வாயுவை நம் வீட்டில் நாமே அளப்பது எப்படி, கிடைத்த எண்ணை எப்படிப் படிப்பது, எண் கூடுதலாக இருந்தால் என்ன செய்வது, ஊரே சேர்ந்து ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்பவற்றை இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஓர் இரவில் கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு பயப்படவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது. ரேடானை நாள்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் அளக்க வேண்டும்.

தரைக்கு அடியில் நடப்பது

இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காகப் பிரிந்திருக்கும் பழைய வட ஆற்காடு மாவட்டம் பெரும்பாலும் பாறை நிலம். வேலூர்க் கோட்டை மதிலை எழுப்பிய கருங்கல்லின் இனத்தைச் சேர்ந்த பாறைகளே நம் ஊர்களின் அடியிலும் கிடக்கின்றன; பாலாற்றங்கரையில் அவற்றின் மேல் மணல் போர்த்தியிருக்கிறது, மலையடிவாரத்தில் ஒரு முழம் தோண்டினாலே கடப்பாரை கல்லில் இடிக்கிறது. இத்தகைய பாறையில் ஒரு டன்னுக்குச் சில கிராம் அளவில் யுரேனியம் இயற்கையாகவே கலந்திருக்கும். இது உலகெங்கும் உள்ள நிலைதான், நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த சாபம் அல்ல. 450 கோடி ஆண்டு அரை ஆயுள் (இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம்) கொண்ட அந்த யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து, பல படிகள் கடந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதையும்போது ரேடான் பிறக்கிறது. இந்த வரிசையில் ரேடான் ஒன்றுதான் வாயு. அது நிறமோ மணமோ சுவையோ இல்லாதது. எதனோடும் சேராமல், மண்ணின் துளைகளிலும் பாறை வெடிப்புகளிலும் புகுந்து மேலே வருகிறது. அதன் அரை ஆயுள் 3.8 நாள், எனவே ஆழத்தில் பிறப்பதில் பெரும்பகுதி வழியிலேயே சிதைந்துவிடுகிறது, மேற்புறத்துச் சில அடி மண்ணில் பிறப்பதே வீட்டுக்குள் வந்து சேர்கிறது.

திறந்தவெளிக்கு வந்தால் அது காற்றோடு கலந்து மெலிந்துவிடும். வெளிக்காற்றில் ஒரு கனமீட்டருக்கு 5 முதல் 15 பெக்கரல் வரைதான் பொதுவாக இருக்கும். ஒரு பெக்கரல் என்றால் ஒரு வினாடிக்கு ஓர் அணு சிதைகிறது என்று பொருள். ஆனால் மண்ணின் துளைகளுக்குள் அடைபட்டிருக்கும் காற்றில் இதே வாயு கனமீட்டருக்குப் பல்லாயிரம் பெக்கரல் இருக்கும். நம் வீட்டுத் தரை இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மூடியாக உட்கார்ந்திருக்கிறது. மூடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது, உள்ளே வந்த காற்று எவ்வளவு விரைவில் வெளியேறுகிறது ஆகிய இரண்டும்தான் பெரும்பாலான வீடுகளின் கணக்கைத் தீர்மானிக்கின்றன.

ரேடான் பற்றி இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுக் குறிப்புகளில் ‘பேஸ்மென்ட்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். அங்கே அது தரைக்குக் கீழே மனிதர் புழங்கும் அறை. நம் கொத்தனார்கள் ‘பேஸ்மட்டம்’ என்று சொல்வது முற்றிலும் வேறு: கடைக்கால் மேல் கருங்கல் கட்டு எழுப்பி, நடுவே கிராவலும் சவுடு மண்ணும் கல்சக்கையும் கொட்டி நிரப்பி, தண்ணீர் விட்டு இடித்து, அதன் மேல் தளம் போட்ட மேடை. நிலவறை இல்லாததால் நமக்கு ரேடான் வராது என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நமக்கு நிலவறை இல்லை என்பது நல்லதுதான். ஆனால் நாமே மலையடிவாரத்திலிருந்து டிப்பர் லாரியில் கொண்டுவந்து கொட்டிய கிராவல் மேடையின் மேல் படுத்துறங்குகிறோம். அந்த நிரப்புமண் எங்கிருந்து வந்தது, எவ்வளவு இறுகலாக இருக்கிறது, காலப்போக்கில் அமிழ்ந்து தளத்துக்கும் மண்ணுக்கும் இடையே வெற்றிடம் விட்டிருக்கிறதா என்பதெல்லாம் ரேடானைப் பொறுத்தவரை முக்கியமான கேள்விகள்.

பாறையைப் பார்த்து வீட்டை எடைபோடுவதும் தவறு. திருப்பத்தூர் மாவட்டத்துச் செவ்வாத்தூரில் யுரேனியம் கலந்த பைரோகுளோர் என்னும் கனிமம் இருப்பதை நிலவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதனாலேயே அந்த வட்டாரத்து வீடுகளில் ரேடான் மிகுதி என்று சொல்ல முடியாது. அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் ஒன்றில் குறைவாகவும் மற்றொன்றில் பல மடங்கு கூடுதலாகவும் இருப்பது உலகெங்கும் கண்ட உண்மை. உங்கள் வீட்டு எண்ணை உங்கள் வீட்டில் வைத்த கருவி மட்டுமே சொல்லும்.

உடலுக்குள் என்ன ஆகிறது

ரேடான் வாயுவை மூச்சிழுத்தால் அதில் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும். தீங்கு செய்வது அதன் வாரிசுகள். ரேடான் சிதைந்து பிறக்கும் பொலோனியம் போன்றவை வாயு அல்ல. அவை தூசியிலும் புகையிலும் ஒட்டிக்கொண்டு நுரையீரலின் உட்சுவரில் படிந்து, அங்கேயே ஆல்பா துகளை உமிழ்கின்றன. ஒரு தாள் தடுத்துவிடக்கூடிய துகள்தான் அது. தோலைக் கூடத் தாண்டாது. ஆனால் நுரையீரலுக்குள் தாளும் இல்லை, தோலும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இல் ரேடானைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பாவில் நடந்த 13 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2005இல் வெளியான கணக்கின்படி, நீண்டகாலச் சராசரி ஒவ்வொரு 100 பெக்கரல் கூடும்போதும் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு ஏறக்குறைய 16 விழுக்காடு கூடுகிறது.

இந்த 16 விழுக்காட்டைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது ஒவ்வொருவருக்கும் ஏற்கெனவே உள்ள வாய்ப்பின் மேல் ஏறுவது. புகைக்காதவருக்கு அடிப்படை சிறியது என்பதால் கூடுவதும் சிறியது. பீடி, சிகரெட் புகைப்பவருக்கு அடிப்படையே பெரியது என்பதால் அதே ரேடான் பல மடங்கு கேடு செய்கிறது. குடியாத்தம் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் தட்டு மடியில் இருக்கும். சுற்றுகிற பெண் புகைப்பதில்லை, ஆனால் வீட்டு ஆண்கள் அடைத்த அறைக்குள்ளேயே புகைக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ரேடான் கருவி வாங்குவதற்கு முன்னால், புகையை வாசலுக்கு வெளியே அனுப்புவதே முதல் வேலை. செலவும் இல்லை, பலனும் எந்தக் குழாய், விசிறி வேலையையும்விடப் பெரிது.

ரேடானால் உடனே இருமலோ தலைவலியோ மயக்கமோ வராது. இதை அழுத்திச் சொல்ல இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், காற்றைச் சோதித்துக்கொண்டு நாளைக் கடத்தாமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதேபோல், பாழுங்கிணற்றிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறங்கியவர் மயங்கி விழுவது ரேடானால் அல்ல; உயிர்க்காற்றுக் குறைவாலும் நச்சுவாயுவாலும் நேர்வது. இங்கே சொல்லும் கருவி அந்த ஆபத்தைக் காட்டாது. அதை நம்பி யாரும் கிணற்றில் இறங்கக் கூடாது.

எந்தக் கருவி

நடைமுறையில் இரண்டு வகை உண்டு. முதலாவது படலம் வைத்த சிறு டப்பா. அதனுள் உள்ள பிளாஸ்டிக் படலத்தின் மேல் ஆல்பா துகள் பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வடு உண்டாகும். மூன்று மாதம் கழித்து ஆய்வகத்தில் காரக் கரைசலில் ஊறவைத்தால் வடுக்கள் பெருத்துத் தெரியும், அவற்றை எண்ணிக் கணக்கிடுவார்கள். நம் நாட்டு ஆய்வாளர்கள் மிகுதியாகப் பயன்படுத்துவது எல்ஆர்-115 என்னும் சிவப்புப் படலம். அதை வைப்பதற்கான ஊசித்துளைக் குப்பியை வடிவமைத்தது பாபா அணு ஆராய்ச்சி மையம். மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை, விலை குறைவு. ஆனால் ஆய்வகம் ஒன்றின் துணை இல்லாமல் பயனில்லை. கதிரியக்க ஆய்வு நடக்கும் பல்கலைக்கழக இயற்பியல் துறையை ஊராட்சி வழியாகக் கடிதம் எழுதி அணுகுவதே இதற்கான வழி. தனி வீட்டுக்காரர் கேட்பதைவிட, ‘இருபது வீடு தருகிறோம்’ என்று ஓர் ஊர் கேட்டால் ஆய்வாளருக்கும் அது பயனுள்ள தரவு.

இரண்டாவது, மின்கலத்திலோ மின்சாரத்திலோ ஓடும் எண்காட்டிக் கருவி. ஏர்திங்ஸ், ரேடான்ஐ போன்ற பெயர்களில் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. உள்ளங்கையில் அடங்கும் அளவிலும், ஒரு செம்பு உயரத்திலும் உண்டு. ஒரு குடும்பம் தனியாக வாங்குவதற்குச் சற்றே பளுவான விலை, பத்துக் குடும்பம் பங்கிட்டால் எளிது. வாங்கும்போது பெட்டியில் ‘ரேடான்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். காற்றின் தூசியையும் கரியமில வாயுவையும் காட்டும் கருவிகள் ரேடானை அளக்கமாட்டா. கைகர் கருவியும் இதற்குப் பயன்படாது. அது சுற்றியுள்ள கதிர்வீச்சைக் காட்டும், காற்றில் கலந்த ரேடான் அளவைச் சொல்லாது. அமெரிக்க அளவில் காட்டும் கருவியாக இருந்தால், லிட்டருக்கு 1 பைகோகியூரி என்பது கனமீட்டருக்கு 37 பெக்கரல் என்று பெருக்கிக்கொள்ளுங்கள்.

கரித்தூள் நிரப்பிய குப்பி என்று மூன்றாவதும் உண்டு. அது சில நாள் காற்றை மட்டும் பிடித்து வைப்பது. உறிஞ்சிய ரேடான் சிதைவதற்குள் ஆய்வகத்தைச் சேர வேண்டும். நம் ஊரிலிருந்து தபாலில் அனுப்பிப் பார்க்க ஏற்றதல்ல.

எங்கே, எப்படி வைப்பது

ஒரே ஒரு கருவி இருந்தால், வீட்டில் மிக நீண்ட நேரம் மூடிக் கிடக்கும் தரைத்தள அறையில் வையுங்கள். பெரும்பாலும் அது படுக்கையறை. குளிர்சாதனம் பொருத்திய அறை இருந்தால் அதுவே முதல். சுவரில் மாட்டும் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருகிறது என்று பலரும் நம்புகிறார்கள். அது அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. ஓட்டு வீட்டில் கைமரத்துக்கும் சுவருக்கும் இடையே இருந்த சந்துகள் வழியே இரவெல்லாம் காற்று ஓடியது. அதே மனையில் இன்று கான்கிரீட் வீடு கட்டி, சன்னலுக்குக் கண்ணாடி பொருத்தி, ஏசியும் போட்ட பிறகு, மண் அதே மண்தான், மூடி மட்டும் இறுகிவிட்டது. அதனால்தான் ஊரில் அளக்கத் தொடங்கும்போது புது வீடுகளையும் கட்டாயம் சேர்க்கச் சொல்கிறேன்.

குழித்தறி உள்ள நெசவாளர் வீடு தனிக் கவனத்துக்கு உரியது. தறிக்காரர் நாள் முழுதும் காலைத் தொங்கவிட்டு உட்காரும் அந்தக் குழி, தளத்தைத் தாண்டி நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. பல வீடுகளில் குழியின் பக்கச்சுவர் பூசப்படாத வெறும் மண். நாளில் எட்டு மணி நேரம் மூச்சுவிடும் இடம் அது. படுக்கையறைக்கு முன்னால் தறிக்கூடத்தை அளந்துவிடுங்கள், குழிக்குள் அல்ல, நெசவாளர் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய மார்பு இருக்கும் உயரத்தில்.

கருவி தரையிலிருந்து குறைந்தது ஒன்றே முக்கால் அடி உயரத்திலும், கதவு சன்னல்களிலிருந்து மூன்றடி தள்ளியும், வெளிச்சுவரிலிருந்து ஓரடி விலகியும் இருக்க வேண்டும். சுற்றிலும் நான்கு அங்குலத்துக்குள் வேறு பொருள் இருக்கக் கூடாது. சுவர் அலமாரியின் திறந்த தட்டு, கட்டிலருகே ஒரு முக்காலி, உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிடுவது ஆகிய மூன்றும் சரியான இடங்கள். ரேடான் காற்றைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு கனமானது என்பதால் தரையில் படிந்திருக்கும் என்று சொல்வார்கள்; அறைக்காற்றில் அது கலந்தே இருக்கிறது. தரையில் வைத்தால் பக்கத்து விரிசலை மட்டும் அளந்ததாகிவிடும். சமையலறையும் குளியலறையும் வேண்டாம், நீராவி கருவியைக் கெடுக்கும். பூசைமாடத்தில் பத்திரமாக இருக்கும் என்று வைப்பதும் வேண்டாம். கற்பூரப் புகையும் விளக்கின் வெப்பமும் அங்கே இருக்கும்.

எங்கள் வீட்டில் முதன்முறை அளந்தபோது ஐந்து நாள் எண் மிகவும் குறைவாகவே இருந்தது. ஆறாம் நாள் காலை போர்வையை மடிக்கும்போதுதான் கவனித்தேன்: கருவி, நான் வைத்த அலமாரித் தட்டில் இல்லை, சன்னல் திட்டில், கம்பிக்கு அருகே, வெளிக்காற்று படும் இடத்தில் இருந்தது. வீட்டைப் பெருக்க வந்த பெரியம்மா, தட்டைத் துடைக்க எடுத்து, வெளிச்சம் படும் இடத்தில் வைத்தால் நல்லது என்று அங்கே வைத்திருந்தார். அவரை எப்படிக் குறை சொல்வது, அது என்ன பொருள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து கருவியின் அடியில் ஒரு தாளை ஒட்டி, ‘இது காற்றுச் சோதனை, 90 நாள் இங்கேயே இருக்கட்டும்’ என்று தடித்த எழுத்தில் எழுதிவைக்கிறோம். அதைப் படிக்க இயலாதவர்களுக்கு வாயாலும் சொல்லிவிடுகிறோம். எண்ணை மீண்டும் அழித்து, முதல் நாளிலிருந்து தொடங்கினோம்.

நீண்டகாலச் சோதனையில் வீட்டார் வழக்கம்போல் வாழ வேண்டும். சோதனைக்காக சன்னலைத் திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம், மின்விசிறி ஓடலாம். அவசரமாகச் சில நாளில் ஒரு மதிப்பீடு தேவை என்றால் மட்டும், தொடங்குவதற்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பிருந்தே சன்னல்களை மூடிவைத்து, போக வரத் தவிரக் கதவைத் திறக்காமல் அளக்க வேண்டும். அப்படிக் கிடைப்பது அந்த வீட்டின் மேல் எல்லை போன்றது. அது 100 பெக்கரலுக்கு வெகுவாகக் குறைந்திருந்தால் பெரும்பாலும் நிம்மதி கொள்ளலாம், கூடியிருந்தால் நீண்ட சோதனைக்குப் போக வேண்டும்.

எண்ணைப் படிப்பது

எண்காட்டிக் கருவியில் முதல் நாள் தெரிவதைப் பொருட்படுத்த வேண்டாம். சிறு கருவி ஒன்று ஒரு மணி நேரத்தில் பிடிக்கும் சிதைவுகள் மிகச் சிலவே. மழை தூறத் தொடங்கும்போது முற்றத்தில் வைத்த கிண்ணத்தில் விழும் துளிகளை எண்ணி மழையின் அளவைச் சொல்ல முயல்வது போன்றது அது. அடுத்தடுத்த மணிகளில் எண் இரட்டிப்பதும் பாதியாவதும் இயல்பு. ஒரு வாரம் போனால் ஓரளவு நிலைக்கும், ஒரு மாதம் போனால் நம்பலாம்.

நாளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. மூடிய அறையில் விடியற்காலையில் உச்சத்துக்குப் போய், கதவுகள் திறந்த பிறகு இறங்கி, பிற்பகலில் மிகக் குறைவாகும். ஓர் அறை இரவில் 180, பகலில் 40 காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், கருவியின் சராசரி நடுவில் ஓர் எண்ணைச் சொல்லும். அந்த அறையில் நீங்கள் இரவில் மட்டும் படுக்கிறீர்கள் என்றால், நீங்கள் மூச்சிழுத்தது சராசரியைவிடக் கூடுதல். எனவே மணிவாரியாகச் சேமிக்கும் கருவி இருந்தால் இரவு எண்களைத் தனியாகவும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு எண் சட்டென்று ஏறுவதையும் காணலாம்; வெளிமண் நனைந்து துளைகள் அடைபடுவதால், வீட்டுக்கடியில் உள்ள காய்ந்த மண்ணே வாயுவுக்கு எளிய வழியாகிவிடுகிறது.

இந்த ஏற்றத்தாழ்வுகளை எல்லாம் சமன்செய்ய எளிய வழி, மார்கழி–தை ஒட்டி மூடிய காலத்தில் ஒருமுறையும், சித்திரை–வைகாசியில் திறந்த காலத்தில் ஒருமுறையும் அளந்து இரண்டின் சராசரியை எடுப்பது. ஒருமுறைதான் முடியும் என்றால் மார்கழியைத் தேர்ந்தெடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2009இல் பரிந்துரைத்த அளவு, ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 100 பெக்கரல்; நாட்டின் நிலைமையால் அதை எட்ட இயலாவிட்டாலும் 300ஐத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் சீரமைப்பு வேலை தொடங்கச் சொல்லும் அளவு 148. இவை பாதுகாப்புக்கும் ஆபத்துக்கும் நடுவே கிழித்த கோடுகள் அல்ல. 99இல் நலமாக இருந்தவர் 101இல் நோயாளி ஆவதில்லை. என் கருத்தில், 100க்குக் கீழே இருக்கும் வீட்டார் கருவியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். 100 முதல் 300 வரை இருந்தால் காற்றோட்டத்தை மாற்றிப் பார்த்து, அடுத்த பருவத்தில் மீண்டும் அளக்க வேண்டும். 300க்கு மேல் என்றால் இன்னொரு கருவியாலோ இன்னொரு முறையோ உறுதிசெய்துகொண்டு, அதே ஆண்டுக்குள் தரையில் வேலை செய்ய வேண்டும். அதுவரை அந்த அறையில் யாரும், குறிப்பாகக் குழந்தைகள், படுக்காமல் இருப்பது நல்லது.

ஆழ்துளைக் கிணற்று நீர்

பாறைக்குள் ஐந்நூறு, ஆயிரம் அடி இறங்கும் போர்களின் நீரில் ரேடான் கரைந்து வரக்கூடும். குளிக்கும்போதும் துணி அலசும்போதும் அது காற்றுக்கு வந்துவிடும். பொதுவான கணக்கின்படி, நீரில் பத்தாயிரம் பங்கு இருந்தால் வீட்டுக் காற்றில் ஒரு பங்கு சேரும். அதாவது நீரில் லிட்டருக்கு 1,000 பெக்கரல் இருந்தால் காற்றில் கனமீட்டருக்கு ஏறக்குறைய 100 பெக்கரல் கூடும். போர் நீர் நேராகக் குழாய்க்கு வராமல் மாடித் தொட்டியிலோ ஊராட்சி மேல்நிலைத் தொட்டியிலோ விழுந்து, தெறித்து, ஒரு நாளாவது தங்கி வரும் நம் வழக்கம் இங்கே உதவுகிறது. தெறிக்கும்போதே பெரும்பகுதி பறந்துவிடும். கொதிக்க வைத்தாலும் போய்விடும். எனவே முதலில் காற்றை அளவுங்கள். காற்று குறைவாக இருந்தால் நீரைப் பற்றி இந்த வகையில் கவலை வேண்டாம்.

நீரையும் சோதிக்க ஆய்வகம் கேட்டால், மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, குழாயில் பொருத்திய ரப்பர் குழாயைப் பாட்டிலின் அடி வரை விட்டு, நீர் வழிய வழிய நிரப்பி, ஒரு குமிழி கூட இல்லாமல் மூடி, எடுத்த நாளையும் நேரத்தையும் எழுதி அன்றே அனுப்புங்கள். நேரம் எழுதாத பாட்டிலால் பயனில்லை; எவ்வளவு சிதைந்தது என்று கணக்கிட முடியாது. குடிநீரில் யுரேனியம் எவ்வளவு என்பது தனிக் கேள்வி. அது கொதிக்க வைத்தால் போகாது, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம், சோதனையும் வேறு.

எண் கூடுதலாக வந்தால்

முதல் மருந்து காற்று. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு திறப்புகள் இருந்தால் அறைக்காற்று மாறிவிடும். கொசுவலை அடித்த சன்னல், கதவுக்கு மேலே திறக்கும் வெண்டிலேட்டர், ஏசி அறையில் படுக்கும் முன்பும் எழுந்த பின்பும் அரை மணி நேரம் திறந்துவைப்பது ஆகியவை போதும். பழைய வீடுகளில் வெண்டிலேட்டர் ஓட்டையை ஏசிக்காகச் சிமெண்டால் பூசி அடைத்திருப்பார்கள்; அதை மீண்டும் திறப்பதே பல வீடுகளில் தீர்வாக இருக்கும். காற்றை வெளியே உறிஞ்சும் விசிறியை மட்டும் அடைத்த அறையில் போட வேண்டாம். உள்ளே வர வேறு வழி இல்லாவிட்டால் அது தரை விரிசல் வழியாக மண் காற்றையே இழுக்கும்.

அடுத்தது தரை. சுவரும் தளமும் சேரும் மூலைகளில் ஓடும் விரிசல், குழாய் தளத்தைத் துளைத்து வரும் இடம், மின்வயர்க் குழாய், கழிவுநீர்த் துளை, டைல்ஸ் தட்டினால் ‘டொக்’ என்று ஒலிக்கும் இடங்கள் ஆகியவற்றைத் தேடி, சுருங்காத பூச்சால் அடையுங்கள். அடைப்பது மட்டும் பெரும்பாலும் போதாது, ஆனால் மற்ற எல்லா வேலைக்கும் அது அடிப்படை. குழித்தறிக் குழியின் பக்கங்களையும் அடியையும் சிமெண்டால் பூசி, தறிக்கூடத்தின் சன்னலை வேலை நேரத்தில் திறந்துவைத்துவிட்டு மீண்டும் அளவுங்கள். சமையல் மேடைக் கிரானைட்டைப் பெயர்க்கத் தேவையில்லை. மெருகேற்றிய பலகையிலிருந்து வருவது பொதுவாக மிகக் குறைவு, மண்ணே முதன்மை.

இவற்றாலும் குறையாத வீட்டுக்குத் தரைக்கடி உறிஞ்சுமுறை உண்டு: தளத்தில் துளையிட்டு நான்கு அங்குல பிவிசி குழாயை நிரப்புமண்ணுக்குள் இறக்கி, கூரைக்கு மேல் வரை ஏற்றி, ஒரு சிறு விசிறியை இரவும் பகலும் ஓடவிட்டு மண் காற்றை வெளியே இழுப்பது. இந்த முறை எவ்வளவு வலிமையானது என்பதற்கு அமெரிக்காவில் 1984இல் நடந்தது சான்று. பென்சில்வேனியாவில் அணுமின் நிலையம் ஒன்றில் பணிபுரிந்த ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர், கதிரியக்கச் சோதனை வாசலைக் கடக்கும்போதெல்லாம் எச்சரிக்கை மணி அடித்தது. கதிரியக்கம் ஒட்டியது நிலையத்தில் அல்ல, வீட்டில். அவர் வீட்டுக் காற்றில் கனமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பெக்கரல் இருந்தது. அந்த வீடே சீரமைப்புக்குப் பின் மீண்டும் குடியிருக்கத் தக்கதானது.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இதுவே மிக மலிவான தருணம். பேஸ்மட்டத்தை நிரப்பியதும், தளம் போடும் முன், நான்கு அங்குலத்துக்கு முக்கால் ஜல்லியைப் பரப்பி, அதில் துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றைப் படுக்க வைத்து, அதன் ஒரு முனையைச் சுவரோரமாக மாடிக்கு மேல் வரை கொண்டுபோய்விடுங்கள். ஜல்லியின் மேல் தடித்த பாலிதீன் விரிப்பை ஓரங்கள் ஓரடி ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி போட்டு, கிழியாமல் கான்கிரீட் கொட்டுங்கள். பின்னால் எப்போதாவது எண் கூடுதலாக வந்தால், அந்தக் குழாயில் விசிறி பொருத்தினால் போதும். தளத்தை உடைக்க வேண்டியதில்லை. கரையான் மருந்து தெளிக்கும் அதே நாளில் முடிந்துவிடும் வேலை.

ஊராகச் சேர்ந்து அளப்பது

ஒரு கருவியை ஒரு வீட்டில் மாதக்கணக்கில் வைத்தால் ஊர் முழுதும் அளக்க ஆண்டுகள் ஆகும். எனவே மூடிய காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் பத்து நாள் வைத்து, கூடுதலாகக் காட்டிய வீடுகளுக்கு மட்டும் திரும்பிவந்து நீண்ட சோதனை செய்வது நடைமுறைக்கு ஏற்றது. கார்த்திகையில் தொடங்கினால் மாசிக்குள் ஒரு கருவியால் பத்து வீடு பார்க்கலாம். விருப்பமுள்ள வீடுகளை மட்டும் எடுக்காமல், ஓட்டு வீடு, பழைய மெத்தை வீடு, புது கான்கிரீட் வீடு, ஏசி அறை உள்ள வீடு, தறி உள்ள வீடு, மலையோரம், ஏரிக்கரை, காலனி, தெரு என்று எல்லாப் பகுதியிலிருந்தும் எடுங்கள். அங்கன்வாடியையும் சேர்த்துவிடுங்கள், குழந்தைகள் பகலில் தரையில் படுத்துறங்கும் இடம் அது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீட்டுக்கு ஒரு பக்கம்: தரையின் வகை, நிரப்புமண் எங்கிருந்து வந்தது, அறையின் அளவு, சன்னல் எத்தனை, இரவில் திறப்பார்களா, அறையில் யாரேனும் புகைப்பார்களா, வைத்த நாள், எடுத்த நாள், சராசரி, அந்த நாள்களில் மழை உண்டா. வீட்டு எண்ணை வீட்டாரிடம் மட்டும் சொல்லுங்கள். ‘அந்த வீட்டில் கதிர்வீச்சு’ என்று தெருவில் பேச்சு கிளம்பினால் மனையின் விலையும் பெண்ணின் கல்யாணமும் பாதிக்கப்படும், அடுத்த வீட்டார் கருவியை உள்ளே விடமாட்டார்கள். கிராம சபையில் வைக்கும்போது, பெயர் இல்லாமல், எத்தனை வீடு 100க்குக் கீழே, எத்தனை 300க்கு மேலே என்று மட்டும் சொன்னால் போதும். ஜனவரி 26 கூட்டத்தில் முதல் சில வீடுகளின் எண்ணும், மே 1 கூட்டத்தில் முழுக் கணக்கும் வைக்கலாம். அங்கன்வாடிக்கு வெண்டிலேட்டர் தேவைப்பட்டால் தீர்மானமாகவே எழுதிக் கேட்கலாம்.

கருவியை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்போது, பழைய சராசரியை நோட்டில் எழுதிய பிறகு அழித்துவிட்டு, புது மின்கலம் போட்டு, வெளித்திண்ணையில் காற்றோட்டமாக மூன்று மணி நேரம் வைத்தெடுங்கள். உள்ளே படிந்திருக்கும் ரேடானின் வாரிசுகள் அதற்குள் பெரும்பாலும் சிதைந்துவிடும். முந்தைய வீட்டின் கணக்கு புது வீட்டின் கணக்கில் கலக்காது.